ஆழம் காக்கும், கரை உடைக்கும்: கடலடி ஒட்டுக்கேட்புக் கேபிள்கள் எத்தனை காலம் தாங்கும்?

2021 ஏப்ரலில், வட நார்வேயின் வெஸ்டரோலன் கரைக்கு அப்பால் கடலடியில் இருந்த ஓர் ஆய்வகம் திடீரென்று பேச்சை நிறுத்தியது. என்ன ஆயிற்று என்று தேடியபோது, கருவிகளை இணைத்திருந்த கேபிளில் நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம் அறுபட்டு, இருந்த இடத்தில் இல்லாமல் போயிருந்தது. எடை ஒன்பது டன்னுக்கு மேல். நார்வேயின் கடல் ஆய்வு நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் இதை வெளியே சொன்னதும் உலகச் செய்தியானது. மீன்களையும் திமிங்கலங்களையும் கவனிக்கப் போட்ட கருவிகள்தான். ஆனால் அந்தப் பக்கம் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் போனாலும் அதே கருவிகளின் காதில் விழும். அதனால் அங்கே பதிவாகும் ஒலிகளை நார்வேயின் பாதுகாப்பு ஆய்வுத் துறை பார்த்த பிறகே பொது வெளிக்கு விடுவார்கள்.

அதற்குப் பிறகு பால்டிக் கடலில் 2023, 2024 ஆண்டுகளில் கப்பல் நங்கூரங்கள் கேபிள்களை அறுத்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது நியாயம். நாடுகளின் பாதுகாப்பே நம்பியிருக்கும் கேபிள் இவ்வளவு சுலபமாக அறுபடுமா? உப்பு நீர், நசுக்கும் அழுத்தம், இருட்டு, நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் நடுவில் அது எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும்?

பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது இதற்கான பதில். கேபிளை ஆழ்கடல் கொல்வதில்லை. கேபிள் சாவது பெரும்பாலும் மனிதன் புழங்கும் ஆழத்தில், கரையை ஒட்டிய நீரில்.

கேட்கும் கேபிள் என்றால் என்ன?

இணையத் தகவலைச் சுமக்கும் கேபிள் வெறும் குழாய் மாதிரி. ஒரு கரையில் போடுவது மறு கரையில் வரும். கண்காணிப்புக் கேபிளுக்கு வேலை வேறு. நடுக்கடலில் கேட்டதைக் கரைக்குச் சொல்ல வேண்டும். இன்று புழக்கத்தில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஹைட்ரோபோன் கேபிள். ஹைட்ரோபோன் என்பது நீருக்குள் வேலை செய்யும் ஒலிவாங்கி. அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் காட்டும் ஒருவகைப் பீங்கான்தான் அதன் இதயம். அமெரிக்கக் கடற்படை 1950களின் தொடக்கத்தில் பஹாமாஸின் எலூத்ரா தீவருகே சோதித்துப் பிறகு அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் விரித்த 'சோசஸ்' வலை இந்த வகை. சோவியத் நீர்மூழ்கிகளைக் கேட்பதற்காகப் போட்ட அந்த வலையின் இருப்பு 1991இல்தான் இரகசியப் பட்டியலிலிருந்து நீங்கியது. பிறகு திமிங்கல ஆய்வாளர்களும் அதைப் பயன்படுத்தினார்கள்.

2. கடலடி நில அதிர்வு வலை. 2011 சுனாமிப் பேரலைக்குப் பிறகு ஜப்பான் தன் கிழக்குக் கரைக்கு அப்பால் 150 கண்காணிப்பு நிலையங்களைச் சுமார் 5,500 கி.மீ. கேபிளில் கோத்துப் போட்டது. 'எஸ்-நெட்' என்பது அதன் பெயர்.

3. கேபிளே காதாவது. இதில் தனியாக ஒலிவாங்கி கிடையாது. கண்ணாடி இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பி, இழை நெடுகச் சிதறித் திரும்பும் மங்கலான ஒளியை அளந்து, எந்த இடத்தில் இழை அதிர்ந்தது என்று கரையில் இருந்தே கணக்கிடுவார்கள். 2020இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், ஏற்கெனவே கிடந்த தகவல்தொடர்புக் கேபிளின் 120 கி.மீ. நீளத்தை இப்படிக் காதாக்கித் திமிங்கலக் குரல்களைப் பதிவு செய்தார்கள்.

பொதுமக்களுக்கு ஓரளவு திறந்திருக்கும் ஹைட்ரோபோன் வலை ஒன்று உண்டு. அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பு வியன்னாவில் இருந்து நடத்தும் வலை அது. கடலில் யாராவது இரகசியமாக அணுகுண்டு வெடித்தால் கண்டுபிடிப்பதற்காகப் போட்டது. மொத்தம் 11 நிலையங்கள். அவற்றில் ஆறு, ஹைட்ரோபோன் உள்ளவை: ஆஸ்திரேலியாவின் கேப் லூவின், சிலியின் ஹுவான் பெர்னாண்டஸ், பிரான்சுக்குச் சொந்தமான குரோசே தீவுகள், இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியா, அட்லாண்டிக்கின் அசென்ஷன், பசிபிக்கின் வேக் தீவு. உலகப் பெருங்கடல்கள் முழுவதையும் கேட்க இந்த ஆறும் கடற்கரை அதிர்வுமானிகள் ஐந்தும் போதும் என்றால் நம்ப முடிகிறதா? போதும். காரணம் கடலுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஒலிக்கால்வாய்.

ஆழம் கூடக்கூட நீர் குளிரும். ஒலியின் வேகம் குறையும். இன்னும் கீழே போனால் அழுத்தம் ஏறி வேகம் மறுபடி கூடும். வெப்பக் கடல்களில் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு உண்டு. அதில் நுழைந்த ஒலி மேலேயும் கீழேயும் தப்ப முடியாமல் வளைந்து வளைந்து அதற்குள்ளேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஹைட்ரோபோன்களைச் சரியாக அந்த அடுக்கில் மிதக்க விடுகிறார்கள். கடலடியில் ஒரு பாரம். அதிலிருந்து மேலே எழும் கேபிள். அதன் உச்சியில் மிதவையும் ஒலிவாங்கியும். இப்படி மூன்று, சுமார் 2 கி.மீ. இடைவெளியில் முக்கோணமாக. மூன்றுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம்தான் ஒலி வந்த திசையைச் சொல்கிறது.

கேபிளின் உடம்பு

ஆழ்கடல் கேபிள் ஒன்றின் குறுக்குவெட்டு சுமார் 2 செ.மீ. தடிமன்தான், தோட்டத்து நீர்க்குழாய் அளவு. நடுவில் தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள், அவற்றைச் சுற்றி எஃகுக் கம்பிகள், மின்சாரம் கொண்டுபோக ஒரு செப்பு உறை, அதற்கு மேல் பாலிஎதிலீன் காப்பு. கரையை நெருங்க நெருங்க அதன் மேல் எஃகுக் கம்பிக் கவசம் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ ஏறும். தார் பூசி, நார் சுற்றுவார்கள். கரையோரத் துண்டு ஐந்து செ.மீ. வரை பருத்துவிடும். ஆழத்தில் மெலிந்தும் கரையில் தடித்தும் இருக்கும் இந்த உருவமே ஆபத்து எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது.

1851இல் ஆங்கிலக் கால்வாயில் போட்ட தந்திக் கேபிளின் காப்பு, மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சா. அந்தக் காலத்தில் வெப்பக் கடல்களில் கப்பல் துளைக்கும் புழுக்கள் சணலையும் கட்டாபெர்ச்சாவையும் குடைந்து தின்றன; பித்தளைத் தகடு சுற்றித்தான் தடுத்தார்கள். பாலிஎதிலீன் வந்த பிறகு அந்தத் தொல்லை ஏறக்குறைய ஒழிந்தது. சுறா கடிப்பது பற்றிய காணொளிகள் இன்றும் பரவினாலும், பழுதுகளின் கணக்கில் சுறாவுக்கு ஏறக்குறைய இடமே இல்லை.

ஆழம் ஏன் கருணையானது?

ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 100 வளிமண்டலம். கட்டைவிரல் நகம் அளவுள்ள பரப்பின் மேல் நூறு கிலோ மூட்டை. கேட்க பயமாக இருக்கிறது. ஆனால் அழுத்தம் நசுக்குவது உள்ளே வெற்றிடமோ காற்றோ இருப்பதைத்தான். கேபிள் நிறைந்த திண்மம். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் அது பொருட்படுத்தாது. வெளிச்சம் இல்லை என்பதால் பிளாஸ்டிக்கைப் பொடியாக்கும் புற ஊதாக்கதிர் இல்லை. வெப்பநிலை சில டிகிரிகளிலேயே ஆண்டு முழுவதும் நிற்கும். துருப்பிடிப்பதுகூட அங்கே மெதுவாகத்தான் நடக்கும்.

அழுத்தத்துக்குப் பயப்பட வேண்டியவை கருவிப் பெட்டிகள். சிக்னலைப் பெருக்கும் மின்னணுக் கருவிகள் காற்றறைக்குள் இருந்தாக வேண்டும். அந்தப் பெட்டிகளைப் பெரிலியம் கலந்த செம்பிலோ டைட்டானியத்திலோ வார்க்கிறார்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் வாய்தான் எல்லாவற்றிலும் நலிந்த இடம். உலோகமும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் ஒட்டிக்கொள்ளும் அந்த விரல் நீள இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி போதும். அழுத்தம் நீரை உள்ளே தள்ளிவிடும். ஹைட்ரோபோன்களில் பீங்கானைச் சுற்றி எண்ணெய் நிரப்பி இந்தச் சிக்கலைச் சமாளிப்பது ஒரு வழி. உள்ளேயும் திரவம் என்றால் நசுங்க எதுவும் இல்லை. அதற்குப் பல காலமாகப் பயன்படும் எண்ணெய் எது தெரியுமா? ஆமணக்கெண்ணெய். அதில் ஒலி நீரில் போவது போலவே போகும், ரப்பரையும் அரிக்காது. நம் வீட்டு விளக்கெண்ணெய் நீர்மூழ்கிக் கப்பலைக் கேட்கும் காதில் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் விஷயம்.

எதெல்லாம் கொல்கிறது?

1. நங்கூரமும் இழுவலையும். உலகில் கடலடித் தகவல் கேபிள்களில் ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள் ஏற்படுகின்றன. அவற்றில் 70 முதல் 80 விழுக்காடு மீன்பிடிப்பாலும் நங்கூரத்தாலும் நேர்பவை. பெரும்பாலும் 200 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில். தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவலையின் இரும்புப் பலகைக்குக் கேபிள் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. நாசவேலை என்ற சந்தேகம் ஒவ்வொரு அறுபடலிலும் எழுகிறது. ஆனால் வேண்டுமென்று இழுத்த நங்கூரமும் தவறி விழுந்த நங்கூரமும் விட்டுச் செல்லும் காயம் ஒன்றே என்பதால் அதை நிரூபிப்பது மிகக் கடினம். நார்வேயில் நடந்ததும் இன்றுவரை அந்தச் சந்தேகத்திலேயே நிற்கிறது.

2. அலை உடையும் பகுதி. கரையைத் தொடும் கடைசி சில நூறு மீட்டர். புயல் காலத்தில் அலை கேபிளைத் தூக்கிப் பாறையின் மேல் அடிக்கும். மணல் ஒருபுறம் அரித்துக்கொண்டு போய் மறுபுறம் குவியும். இந்தத் துண்டைப் பள்ளம் தோண்டிப் புதைப்பார்கள், வார்ப்பிரும்புக் குழாய்க்குள் மாட்டுவார்கள், சில இடங்களில் கரையிலிருந்து கடலடி நோக்கிச் சாய்வாகத் துளையிட்டு அதன் வழியே இழுப்பார்கள்.

3. தொங்கும் கேபிள். பாறைக்கும் பாறைக்கும் நடுவே கேபிள் தரையைத் தொடாமல் தொங்கினால், நீரோட்டம் அதை வீணைத் தந்தி போல அதிரவைக்கும். இரண்டு முனையிலும் பாறையில் உரசி உரசிக் கவசம் தேயும். பாலிஎதிலீனில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் செப்பு உறையில் ஓடும் மின்சாரம் கடலுக்குள் கசியும். 2022 ஜனவரியில் ஸ்வால்பார்டுக்கும் நார்வேக்கும் இடையிலான இரட்டைக் கேபிள்களில் ஒன்றில் ஏற்பட்ட பழுதிலும் காப்பு சிதைந்து, கடலுக்கு மின்சாரம் கசிந்தது.

4. கடலடி மண்சரிவு. 1929 நவம்பர் 18, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலநடுக்கம். 12 தந்திக் கேபிள்கள் அறுந்தன. நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்தவை உடனே. மற்றவை ஆழத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக, 13 மணி நேரத்துக்கும் மேலாக. சேறும் மணலும் கலந்த வெள்ளம் கடலடிச் சரிவில் ஓடுகிறது, அதுவும் பேய் வேகத்தில் ஓடுகிறது என்பதை விஞ்ஞானிகள் பின்னாளில் அறிந்துகொண்டது அந்தக் கேபிள்கள் செத்த நேரப் பட்டியலை வைத்துத்தான். 2006 டிசம்பர் 26 அன்று தைவானுக்குத் தெற்கே அதே கதை: ஒன்பது கேபிள்கள், பழுது பார்க்க 11 கப்பல்கள், 49 நாள். ஆழம் கருணையானது என்றேன்; இது அதற்கு விதிவிலக்கு.

5. வேதியியல். எஃகுக் கவசமும் வேறொரு உலோகமும் உப்பு நீரில் அருகருகே இருந்தால் அது ஒரு பேட்டரி. ஒன்று அரிக்கப்படும், கூடவே ஹைட்ரஜன் வாயு உண்டாகும். ஹைட்ரஜன் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. கண்ணாடி இழைக்குள் நுழைந்து அதை மங்கச் செய்துவிடும். வெளியே கீறல்கூட இல்லாமல் கேபிள் குருடாகும். இழைகளைச் சுற்றி நிரப்பும் பசையும் செப்புக் குழாயும் இதைத் தடுப்பதற்கும்தான்.

சாவதற்கு முன்பே செவிடாவது

கண்காணிப்புக் கேபிளைப் பற்றிய விவாதங்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இணையக் கேபிள் அறுந்தால் உடனே தெரியும். கேட்கும் கேபிள் முழுதாக இருக்கும், மின்சாரம் ஓடும், தரவு வரும். ஆனால் கேட்க வேண்டியது கேட்காது.

தொங்கும் கேபிளின் அதிர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் கேபிளுக்கு அது தேய்மானம் மட்டும். ஹைட்ரோபோனுக்கோ அதுவே இரைச்சல். அணுகுண்டுத் தடை வலை கேட்கும் ஒலிகள் 1 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காதுக்கு அடித்தட்டு முழக்கம். கேபிள் நடுங்கும் ஒலியும் அதே பக்கம்தான் விழும். ஒலிவாங்கியைத் தாங்கி நிற்கும் செங்குத்துக் கேபிள் நீரோட்டத்தில் சாய்ந்தால் அதன் ஆழமும் இடமும் மாறும். முக்கோணக் கணக்கில் பிழை நுழையும். வெளிச்சம் எட்டும் ஆழத்தில் வைத்த கருவி என்றால் கொட்டலசும் சிப்பியும் பாசியும் ஒட்டி அதன் காதை அடைக்கும். மூன்று ஒலிவாங்கிகளில் ஒன்று போனாலே திசை சொல்லும் திறன் குலைகிறது. ஆக, 'கேபிள் வேலை செய்கிறதா?' என்று மட்டும் கேட்டால் போதாது, 'என்ன கேட்கிறது?' என்றும் கேட்க வேண்டும்.

இரண்டு தீவுகளின் கதை

2010 பிப்ரவரி 27 அன்று சிலியில் 8.8 அளவு நிலநடுக்கம். அதன் பேரலை ஹுவான் பெர்னாண்டஸ் தீவுக்கூட்டத்தைத் தாக்கியபோது அங்கிருந்த ஹைட்ரோபோன் நிலையமும் அழிந்தது. கேட்பதற்காக ஆழத்தில் மிதந்த கருவிகளை எந்த அலையும் தேடிப் போகவில்லை. கரையில் இருந்த கட்டடத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. நிலையம் மறுபடி உயிர்பெற்றது 2014இல்.

குரோசே அதைவிடக் கடினம். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் 46ஆம் அட்சரேகையை ஒட்டிய பிரெஞ்சுத் தீவுகள் அவை. மேற்குக் காற்று ஓயாமல் வீசும் இடம். அங்கு முன்பிருந்த நிலையம் பழுதாகிப் பல ஆண்டுகள் அந்தக் கடற்பரப்பில் காது இல்லாமல் இருந்தது. 2016 டிசம்பரில் புதிய கேபிளை இறக்கினார்கள். 2017 ஜூனில் சான்றளித்தபோது, உலக ஒலிவலையின் 11 நிலையங்களும் நிறைவடைந்தன.

ஐந்தே மாதம். 2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் 'சான் ஹுவான்' நீர்மூழ்கிக் கப்பல் 44 பேருடன் தொடர்பை இழந்தது. அன்று தென் அட்லாண்டிக்கில் எழுந்த ஒரு திடீர் ஒலியை இரண்டு நிலையங்கள் பிடித்திருந்தன: ஒன்று அசென்ஷன், மற்றது குரோசே. இரண்டுமே பல ஆயிரம் கிலோமீட்டர் அப்பால். ஒரு நிலையம் திசை மட்டும் சொல்லும், ஒரு கோடு. இரண்டு கோடுகள் வெட்டும் இடம்தான் ஒரு புள்ளி. மறு ஆண்டு நவம்பரில் சுமார் 900 மீட்டர் ஆழத்தில் கப்பலின் சிதைவைக் கண்டார்கள். குரோசேயின் கேபிள் ஓர் ஆண்டு தாமதமாகியிருந்தால், அந்த 44 குடும்பங்களுக்குக் கிடைத்தது ஒற்றைக் கோடு மட்டுமாக இருந்திருக்கும்.

இருபது ஆண்டுக் கணக்கு

இந்த நிலையங்களின் கடலடிப் பகுதியைப் பராமரிப்பே இல்லாமல் 20 ஆண்டுகள் தாங்கும்படி வடிவமைக்கிறார்கள். 'பராமரிப்பே இல்லாமல்' என்பது பெருமைக்காகச் சொன்னதல்ல; வேறு வழியில்லை. ஆயிரம் மீட்டரில் உள்ள ஒலிவாங்கியை மாற்றத் தனிக் கப்பல் வேண்டும், அமைதியான கடல் வேண்டும். குரோசே போன்ற இடத்தில் அந்த அமைதி ஆண்டில் சில வாரங்கள்தான். கேபிள் பழுது பார்க்கும் கப்பல்கள் உலகிலேயே சில டசின்தான். அவற்றில் பெரும்பாலானவை இணையக் கேபிள்களுக்காக ஒப்பந்தமானவை.

கண்ணாடி இழையையே காதாக்கும் மூன்றாவது முறைமேல் இப்போது இவ்வளவு ஆர்வம் ஏன் என்பது இங்கே புரியும். அதில் நீருக்குள் பழுதாக எந்தக் கருவியும் இல்லை. லேசர் பெட்டி கரையில் இருக்கிறது; கெட்டால் கடைக்குப் போய் மாற்றுவது போல மாற்றலாம். கேபிளை மண்ணுக்குள் புதைத்தாலும் அது கேட்கும். அறுந்தாலும் அறுந்த இடம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும், எங்கே அறுந்தது என்றும் நொடியில் சொல்லும். ஆனால் சிக்னலைப் பெருக்கும் முதல் பெட்டியைத் தாண்டி இந்த முறை பெரும்பாலும் போவதில்லை. நூறு கிலோமீட்டரை ஒட்டியே நிற்கிறது. ஹைட்ரோபோனின் கூர்மையும் இதற்கு இல்லை. துறைமுகத்தையும் கரையோரக் கேபிளையும் காக்க இது நல்ல காவலாள். பெருங்கடலின் நடுவைக் கேட்க இன்னும் பழைய வகைக் காதுதான் வேண்டும்.

அந்தப் பழைய காதுகளுக்கு வயதாகிறது. கேப் லூவின், டியேகோ கார்சியா இரண்டும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டவை; 20 ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டது. டியேகோ கார்சியாவின் ஹைட்ரோபோன்கள் 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலடி பிளந்த ஒலியைப் பதிவு செய்தவை. ஏறத்தாழ 1,200 கி.மீ. நீளத்துக்கு, தெற்கிலிருந்து வடக்காக அந்தமான் பக்கம் பிளவு எப்படி ஓடியது என்பதை விஞ்ஞானிகள் பிற்பாடு அந்தப் பதிவுகளில் இருந்தும் கணக்கிட்டார்கள். அந்த ஒலி டியேகோ கார்சியாவை அடைந்தபோது நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் அலை இன்னும் கரை ஏறவில்லை. அன்று அந்த வலை அணுகுண்டுக்காக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பேரலை எச்சரிக்கை மையங்களுக்குத் தரவு தரும் ஏற்பாடு அதற்குப் பிறகுதான் வந்தது. இன்று அந்த ஏற்பாடு இருக்கிறது. அதன் மறுமுனையில், ஆயுள் கடந்த ஒரு கேபிள் இந்துமாக்கடலின் அடியில் கிடக்கிறது.